குழியுள்ள வீடு

அக்கா,

இன்று காலை கை வண்டியில் புளி மூட்டை ஏற்றினேன். புளி வாசனைக்கு ஊரில் எல்லோருக்கும் நாக்கு ஊறும். எனக்குக் கண் ஊறுகிறது. சிரிக்காதீர்கள்.

வீடில்லாதவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது அப்போது உங்கள் வேலை. அவர்கள் சட்டி பானையை இழுத்துப் போவது என் வேலை. "கல்யாணத் தரகராச்சும் பந்தியில ஒக்காருவாரு. நீங்க பச்சத்தண்ணி கூட குடிக்காம அலையறீங்களே" என்று சீண்டுவேன். "வாய அப்புறம் இழு, வண்டிய இப்ப இழுப்பா" என்பீர்கள்.

அந்த வருஷம் நெசவாளி ஏழுமலையும் அவர் மனைவி கன்னியம்மாவும் மழையில் வீடு இடிந்து, பிரித்த தறிக்கட்டைகளோடு கோயில் மண்டபத்தில் கிடந்தார்கள். கருட சேவைக்குக் கூட்டம் வருமென்று மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் அலைந்து திரிந்து ஓர் ஓட்டு வீடு பிடித்தீர்கள். சாமான் எல்லாம் இறக்கியாயிற்று. ஏழுமலை தரையைப் பார்த்தார். பளபளவென்று சிமெண்டு. தறிக்குக் கால் இறக்கி மிதிக்கத் தரையில் குழி வேண்டுமே!

"குழி கிழி தோண்டறதுன்னா இப்பவே கெளம்புங்க" என்றாள் வீட்டுக்காரம்மா.

ஏழுமலை கட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்.

"இன்னாய்யா, நாளைக்கு மண்டபமும் கெடையாதே!" என்று கத்தினேன்.

"தறி நிக்காத எடத்துல நான் நின்னு இன்னா பண்றது? அடுப்பு எப்படி எரியும்?"

எனக்கு வந்த கோபம் உங்களுக்கு வரவில்லை. "தப்பு என்னுதுப்பா. படுக்கத்தான் எடம் பாத்தேன், பொழைக்கப் பாக்கல" என்றீர்கள்.

அப்புறம் தெருத் தெருவாகப் போனோம். தறி போட்டிருந்தவர் காலி செய்த வீட்டில் குழியைப் பலகையால் மூடி வைத்திருப்பார்கள் என்று, காலி வீடு எது கண்டாலும் உள்ளே போய்க் குதிகாலால் தரையைத் தட்டினீர்கள். "அக்கா, சலங்கை வாங்கியாரட்டுமா?" என்றேன். முறைத்துவிட்டு மறுபடி தட்டினீர்கள்.

கடைசியில் ஒரு பாய் வீட்டுக் கிடங்கு. புளி மூட்டைகளுக்கு நடுவே மிதித்தீர்கள். டொம்மென்றது.

"அது பழைய தறிக்குழிம்மா. வாடகைக்கு வர்றவன்லாம் பள்ளத்தப் பாத்துட்டு ஓடறான்" என்றார் பாய்.

"எங்களுக்குப் பள்ளந்தான் வோணும் பாய். சுத்தி ஒரு வீடு இருந்தா சரி" என்றீர்கள்.

அவர் சிரித்த சிரிப்பில் கிடங்கு கிடைத்துவிட்டது. மூட்டைகளை நகர்த்திப் பலகையை எடுத்ததும், தறி கட்டுமுன்பே ஏழுமலை குழியில் கால் இறக்கி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார்.

நாம் வாசலில் நின்றோம். கன்னியம்மா வந்தாள். குடிக்கத் தண்ணீர் தருவாள் என்று பார்த்தால், நம் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"இன்னாக்கா இது, ஒரு வார்த்த சொல்லாம..."

நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். "இத்தினி நாளா ஊரே பாக்கப் படுத்துக்கினு இருந்தவப்பா. சாத்திக்கட்டும், வா."

நீங்கள் போனபின் உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கும் நான்தான் வண்டி இழுக்கிறேன். கடைசிச் சாமானை உள்ளே வைத்ததும் துண்டை உதறிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவேன். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் பீடி பற்றவைப்பேன்.