இரண்டு துண்டு டிக்கெட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே இங்கே எப்போதும் நினைப்பு. சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, போன வாரம், ஆபரேஷனுக்கு முன்னால் உன்னை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிப் பாதி வழியில் திரும்பியதிலிருந்து இங்கே யாருக்கும் தூக்கம் சரியில்லை. யாராவது கதவைத் தட்டினால்கூட, அம்மா எங்கே என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். "காசுக்கு ஆசைப்பட்டு அம்மாவைத் தொலைக்கப் பாத்தீங்களேப்பா" என்று போனில் கத்தினாய், நான் வாயைத் திறப்பதற்குள் வைத்தும்விட்டாய். கடிதமென்றால் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

உன் ஊருக்கு நேராக ஒரே டிக்கெட் எடுத்தால் ஒரு விலை. நடுவில் உள்ள ஜங்ஷன் வரை ஒன்று, அங்கிருந்து உன் ஊருக்கு ஒன்று என்று இரண்டாக எடுத்தால் விலை குறைவு. அதே ரயில்தான், இறங்கி ஏற வேண்டியதுகூட இல்லை. இதை உங்கள் போன் சொல்லாது. கவுண்டரில் கேட்டால்தான் சொல்வார்கள், அதையும் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். ஸ்டேஷன் சுவரில் மாட்டியிருக்கும் கட்டணப் பலகையைப் படித்து நானே கண்டுபிடித்தது. இதில் என்ன குற்றம்?

முதல் டிக்கெட் அம்மாவின் கைப்பையில். அடுத்தது என் சட்டைப் பையில், அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. சொன்னால் "எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்பாள். நான் தண்ணீர் பிடிக்கப் பெட்டியின் கோடிக்குப் போன நேரத்தில் பரிசோதகர் வந்து, "அடுத்த ஸ்டேஷனோட உங்க டிக்கெட் முடியுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அபராதம் என்றால் உன் அம்மா எப்படி நடுங்குவாள் என்று உனக்குத் தெரியும். நான் முன்னாலேயே வாசலுக்குப் போய்விட்டதாக நினைத்து, மறு கோடி வழியாக ஜங்ஷனில் இறங்கிவிட்டாள். தண்ணீருக்கு வரிசையில் நின்றுவிட்டு நான் வந்து பார்த்தால் ரயில் நகர்கிறது, இருக்கை காலி. கழிவறைக்குப் போயிருப்பாள் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் பார், அதுதான் இன்னும் அறுக்கிறது.

அம்மாவிடம்தான் போன் கிடையாதே, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு ஓடினேன். "அங்க மைக்குல கூப்பிடச் சொல்றேன், பேரைச் சொல்லுங்க" என்றார். பேர் வரவில்லை, கண்ணு. இத்தனை வருஷமும் "இந்தா", "இங்க பாரு" என்றே கூப்பிட்டு, வேண்டிய நேரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உன் பேரைச் சொல்லி, அவளுடைய அம்மா என்றேன். அப்படியே மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். தெரியாத ஊரில் உன் பேரைக் கேட்டதும் அவள் உயிர் பாதி போய்விட்டது. எதிர் ரயிலில் நான் போய்ச் சேர்ந்தபோது, என்னைப் பிடித்து உலுக்கி, "பிள்ளைக்கு என்ன ஆச்சு, மறைக்காம சொல்லுங்க" என்று அழுகிறாள். உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல நம்பவில்லை. அதற்குப் பிறகு அன்று அவளை எந்த ரயிலிலும் ஏற்ற முடியவில்லை.

இப்போது, உன் வயிற்றில் கத்தி வைக்கும்போது தான் பக்கத்தில் இல்லாமல் முடியாது என்கிறாள். நேற்று மறுபடியும் கவுண்டருக்குப் போனேன். "பெரியவரே, இன்னைக்கு எத்தனை துண்டு போடட்டும்?" என்றார் உள்ளே இருந்தவர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். மாப்பிள்ளை எடுத்து அனுப்புகிறேன் என்ற போன் டிக்கெட் வேண்டாம், அதில் மாற்றமில்லை. ஒரே டிக்கெட்டாக இருப்பதில் எது மலிவு என்று கேட்டு வாங்கினேன். எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று வரும் ரயில். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அத்தனை நிறுத்தமும் அவள் இறங்கிவிடக்கூடிய இடம். அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, வழியை அடைத்துக்கொண்டு நான் உட்காரப் போகிறேன். தண்ணீருக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு. நீ பயப்படாதே, அந்த வேலையை உனக்கும் சேர்த்து நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன். நல்லபடியாக எழுந்து நடமாடி, நூறு வயது இருப்பாய். ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் வருகிறோம். மாப்பிள்ளையைப் பிளாட்பாரத்துக்கு அனுப்பு. எனக்கு வணக்கம் சொல்வதெல்லாம் அப்புறம், முதலில் அம்மா கையைப் பிடிக்கச் சொல். அவர் பிடித்த பிறகுதான் நான் மறு கையை விடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா