மோட்டார் கொட்டகையில் நான்கு கேமரா

புரட்டாசி 3, வெள்ளி

காலையிலேயே சுள்ளென்று வெயில். மேகம் கூடிவந்தது, கலைந்தது. நாற்றங்காலுக்கு ஒரு தெளிப்பு பாக்கி.

கேமரா வேலை ஆரம்பம். குடவாசலிலிருந்து ஆரோக்கியம் பத்து மணிக்கு வந்தான். என் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் ஓயாது. வீட்டுக்கும் மோட்டார் கொட்டகைக்கும் நடுவே டேப் பிடித்து அளந்தான். எண்பத்தைந்து மீட்டர். கேபிள் நூறு மீட்டர் வரைக்கும் தாங்குமாம்.

"நாலு கேமராவுக்கு நாலு ஒயர் இழுக்கணுமா? வரப்பு முழுக்க ஒயராக் கெடக்கும், அந்த நாய் ஒவ்வொண்ணா வெட்டுவானே" என்றேன்.

"வேணாம்ண்ணே. வீட்லேருந்து கொட்டகைக்கு ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள். அங்க ஒரு சுவிட்ச் பெட்டி வச்சு நாலாப் பிரிச்சுடலாம். கரண்டும் அதுலதான் போவும், படமும் அதுலதான் வரும்."

வைக்கும் இடங்கள்:
கொட்டகை உள்வாசல்
மடை
நாற்றங்கால்
பொது வரப்பு

அந்த நாய் என்பது கணேசன். சித்தப்பா மகன். வாய்க்கால் ஒன்று, வயல் இரண்டு பேருடையது. விடிந்ததிலிருந்து உச்சிவரை தண்ணீர் எனக்கு, உச்சிக்கு மேல் அவனுக்கு. எங்கள் அப்பாக்கள் பாகம் பிரித்தபோது வைத்த முறை. இந்தப் பட்டத்தில் மட்டும் மூன்று தடவை என் முறையில் என் மடையை அடைத்துவிட்டான். கேட்டால், "தண்ணி என்னைத் தேடி வருதுண்ணே, நான் என்ன பண்ண" என்கிறான். அந்த வாயில் சேற்றை அப்ப வேண்டும்.

கேபிளுக்குப் பள்ளம் வெட்டும்போது வளையிலிருந்து ஒரு பெருச்சாளி. மண்வெட்டியால் ஒரே போடு. இரண்டு துண்டு. ஆரோக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பைப்புக்குள்ள விட்டுத்தான் பொதைக்கணும், கடிச்சுடும்" என்று மட்டும் சொன்னான். கொன்ற பிறகு எனக்கு மனசு லேசாக இருந்தது. இதை எழுத வெட்கமில்லை. யார் படிக்கப்போகிறார்கள்?

புரட்டாசி 4, சனி

வெயில். வேலை முடிந்தது. ரெக்கார்டர் வீட்டுக்குள், பீரோ மேலே. படம் என் பெண்டாட்டி செல்வியின் போனில் வரும். என்னுடையது பட்டன் போன்.

ஆரோக்கியம் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தான். கேபிள், பெட்டி, இன்வெர்ட்டர். செல்வி குறுக்குக் கேள்வி எல்லாம் கேட்டாள். நான் தலையாட்டினேன். கண் வாய்க்காலில். கணேசன் எதிர்க்கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, சினிமா எடுக்குறீங்களா? எனக்கு எந்தப் பக்கம்ண்ணே எடுப்பா இருக்கும்?"

"பொணமாப் படுத்தா எல்லாப் பக்கமும் எடுப்பாத்தான்டா இருக்கும்."

ஆரோக்கியம் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் சேற்றில் விழுந்தது. தேடி எடுக்கப் பத்து நிமிஷம். அப்புறம் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

செல்வி சாப்பாட்டின்போது: "புடிச்சு என்னங்க பண்ணப் போறீங்க? அவன் மடைய அடைக்கிறான்னு ஊருக்கே தெரியும். படம் வேற வேணுமா?"

புரட்டாசி 6, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

வம்பு எதுவும் இல்லை. அதுவே எரிச்சல். செல்வியின் போனை வாங்கி முற்பகல் முழுக்கப் பார்த்தேன். நாலு கட்டம். கொக்கு, யார் வீட்டு மாடோ, மறுபடி கொக்கு. வரப்பில் ஒரு ஆள் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று வருகிறான், யாரையோ அடிக்கப் போகிற மாதிரி. நான்தான், நேற்றைய பதிவு. உரம் வைக்கப் போயிருக்கிறேன்.

குழம்பில் உப்பு அதிகம். தட்டை முற்றத்தில் விசிறினேன். செல்வி எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். ஒரு வார்த்தை இல்லை. அவள் பேசியிருந்தால் கோபம் அடங்கியிருக்கும்.

நடவுக்கு அஞ்சலையிடம் சொல்லியாயிற்று. வியாழன், பதினெட்டுப் பேர். அவள்தான் ஆள் கூட்டிவருவாள். புதன் பகலுக்குள் வயலில் தண்ணீர் கட்டியாக வேண்டும்.

புரட்டாசி 8, புதன்

 எழுத்து சரியாக வரவில்லை.

கா. 9 மணிக்கு வயலுக்குப் போனேன். காய்ந்து கிடந்தது. மடையில் உரச்சாக்கில் மண் நிரப்பி அடைத்திருந்தான். என் முறை, என் மடை. பொது வரப்பில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான் கணேசன். ஓடவில்லை, ஒளியவில்லை.

"நல்லாப் பாத்துக்குங்கண்ணே. கேமராவுல விழுந்திருக்கும். கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுங்க. அந்தப் படத்தப் புழிஞ்சு வயலுக்குத் தண்ணி பாய்ச்சிக்குங்க."

சொல்லிவிட்டு, கேமராவைப் பார்த்துக் கையாட்டினான். கல்யாண வீடியோவில் ஆட்டுகிற மாதிரி.

கொட்டகைக்குள் போனேன். பியூஸ் கேரியரைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டேன். எனக்கு விவரம் தெரிந்த நாளாய், அதைப் பிடுங்கினால் அந்தக் கொட்டகையில் எது ஓடினாலும் நின்றுவிடும். பிறகு மண்வெட்டியை எடுத்தேன்.

ஒரே அடி. காம்பால். தோளைத்தான் குறிவைத்தேன். வாய்க்காலுக்குள் விழுந்தான். சாக்கை இழுத்து எறிந்தேன். தண்ணீர் என் வயலுக்குள் குபுகுபுவென்று வந்தது. கலங்கல் தண்ணீர், அதில் வேறு நிறம் எதுவும் தெரியவில்லை.

பிறகு ஓடிவந்த அவன் பெண்டாட்டி மாலா அலறியது நினைவிருக்கிறது. செல்வி எப்போது வந்தாள் தெரியாது. நாலு பேர் தூக்கி லோடு ஆட்டோவில் போட்டுத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலை தொங்கிக்கொண்டிருந்தது.

கேட்டவர்களிடமெல்லாம் ஒரே அடி என்று சொன்னேன். ஆத்திரத்தில் கை நீண்டுவிட்டது என்றேன். அடித்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. கேமராவும் செத்திருக்கும்.

புரட்டாசி 9, வியாழன்

தூறல். இப்போது வந்து என்ன.

நடவுக்கு ஒருத்தியும் வரவில்லை. அஞ்சலை மட்டும் வந்து, வரப்பில் கால் வைக்காமல் ரோட்டிலேயே நின்றாள். "ரத்தம் விழுந்த தண்ணியில நாத்து வைக்க எங்களால ஆவாதுங்க. வடிச்சுட்டு, வேற தண்ணி கட்டிட்டுச் சொல்லுங்க." வேற தண்ணிக்கு எங்கே போவது? வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

தஞ்சாவூரிலிருந்து செய்தி: உயிர் இருக்கிறது. மண்டையில் விரிசல், வலது கையில் இரண்டு இடத்தில் முறிவு, விலாவில் ஒன்று.

ஒரு அடிக்கா இவ்வளவும், என்று நானே யோசித்தேன்.

மா. 4 மணிக்குச் செல்வி போனைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "பாருங்க" என்றாள். நாலு கட்டமும் ஓடின. புதன்கிழமை.

"இது எப்படி? பியூஸப் புடுங்கிட்டேனே."

"கொட்டகைக் கரண்டு நின்னாலும் கேமரா நிக்காது, வீட்டு இன்வெர்ட்டர்லேருந்து அந்தக் கேபிள் வழியாவே போவுதுன்னு அன்னைக்கே அந்த ஆளு ரெண்டு தடவ சொன்னாரு. நீங்க எங்க கேட்டீங்க?"

முதல் கட்டத்தில் நான் கொட்டகைக்குள் வருகிறேன். அவசரமே இல்லை. பியூஸைப் பிடுங்குகிறேன். கேமராவை ஒரு தரம் அண்ணாந்து பார்க்கிறேன். மூலையில் இரண்டு மண்வெட்டி இருக்கிறது, கனமானதை எடுக்கிறேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று இனி யாரிடமும் சொல்ல முடியாது. ஆத்திரத்தில் போகிறவன் பியூஸைப் பிடுங்கிவிட்டுப் போகமாட்டான்.

மேலே புதன்கிழமை எழுதியிருப்பது பொய். ஒரு அடி இல்லை. ஏழு.

மூன்றாவதுக்குப் பிறகு கணேசன் கையைத் தூக்கவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் வாய்க்காலுக்குள் இறங்கிநின்று. ஆறாவதுக்குப் பிறகு நிறுத்தி, உள்ளங்கை வியர்வையை வேட்டியில் துடைக்கிறேன். காம்பு வழுக்கக் கூடாதே. அப்புறம் ஏழு.

நான்காவது கட்டத்தில் செல்வி ஓடிவருகிறாள். செருப்பு இல்லை. போனில் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள். என் கையைப் பிடிக்கிறாள். நான் உதறி, மண்வெட்டியை ஓங்குகிறேன். அவள் தலைக்கு மேலே. அப்படியே நிற்கிறோம், எவ்வளவு நேரமோ.

இது எனக்கு நினைவிலேயே இல்லை. அவளும் சொல்லவில்லை. நேற்று எனக்குச் சோறு போட்டாள், இன்று காலை காப்பி கொடுத்தாள்.

போனைக் கவிழ்த்துவைத்தேன். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை.

புரட்டாசி 11, சனி

மழை விட்டுவிட்டு. வயலில் தண்ணீர் அப்படியே நிற்கிறது, நாற்று முற்றுகிறது.

தஞ்சாவூர் போனேன், தனியாக. காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். எழுதிவைக்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

கணேசனுக்குத் தலை முழுக்கக் கட்டு. ஒரு கண் மூடியிருந்தது. மாலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. அவன்தான் பக்கத்தில் வரச் சொன்னான்.

"போலீஸு வந்துச்சு. வாய்க்கால்ல வழுக்கி மண்வெட்டி மேல விழுந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேண்ணே."

"ஏன்டா?"

"கேஸு போட்டா நீங்க உள்ள போயிடுவீங்க. உள்ள போயிட்டா எனக்குக் கெடைக்க மாட்டீங்கல்ல." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான். முன்பல் இரண்டு இல்லை. "கை கூடட்டும். அதே மடைதான். நீங்க வராமலா இருப்பீங்க?"

உண்மையைச் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வியாழக்கிழமையிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த வெட்கம் ஒரே நொடியில் போய்விட்டது. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் கணக்கு: அவன் கை கூட இரண்டு மாதம். அதற்கு முன்னால் முந்திக்கொள்ள வேண்டும். கட்டுப் பிரிக்கப் போய்த் திரும்புவான். பஸ் ஸ்டாண்டிலிருந்து தோப்பு வழியாக நடப்பான்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து அரிவாளை இறக்கினேன். துரு. கிணற்றடிக் கல்லில் தீட்டினேன். முக்கால் மணி நேரம். கை அசதியே தெரியவில்லை. செல்வி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு நின்று பார்த்தாள். அவன் சொன்னதைச் சொன்னேன். உள்ளே போய்விட்டாள்.

புரட்டாசி 12, ஞாயிறு

காலையில் பளிச்சென்று வெயில்.

பீரோ மேலே ரெக்கார்டர் இல்லை. செல்வி ஒயர்களைக் கழற்றி, பெட்டியைத் துண்டில் சுற்றி, காய்கறிப் பையில் வைத்திருந்தாள். குளித்து வேறு புடவை கட்டியிருந்தாள்.

"கெளம்புங்க. ஸ்டேஷனுக்கு."

"புத்தி கெட்டுப்போச்சா? அவனே வழுக்கி விழுந்தேங்கறான்."

"அதான் சொல்றேன். ஒண்ணு அவன் உங்களை வெட்டுவான், இல்லாட்டி நீங்க அவனை. உள்ள போயிட்டீங்கன்னா ரெண்டு பேருமே உசுரோட இருப்பீங்க. எனக்கு அது போதும்."

பையைப் பிடுங்கினேன். விடவில்லை. கை ஓங்கினேன்.

அவள் நகரவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை. "அடிங்க. பொட்டியக் கழட்டிட்டேன். எதுலயும் பதிவாவாது."

கை மேலேயே நின்றது. அதை இறக்குவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நல்லவனாகிவிட்டேன் என்றெல்லாம் இல்லை. கணேசனை நினைத்தால் இப்போதும் பல் நறநறக்கிறது. ஆனால் அவள் முகத்துக்கு நேரே என் கை நின்றதை இந்தத் தடவை நானே பார்த்துவிட்டேன்.

சட்டை மாற்றினேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம், மடியில் பை. வழியெல்லாம் நடவு நடக்கிறது. 

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டைரியையும் கொடுக்கச் சொல்கிறாள். இன்ஸ்பெக்டர் வர நேரமாகுமாம். ரைட்டர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேர் கேட்டார். சொன்னேன்.

"உங்க பேரு இல்லங்க. அடிச்சவன் பேரு."

"அதேதான் சார்."