மண்ணுக்குள் இருந்த கட்டிக்கு ஒரு ரிப்போர்ட்

அம்மாபேட்டை, சேலம்

அன்பு மகள் சாதியாவுக்கு அம்மா எழுதுவது. உன் மீது இறைவனின் சாந்தி இருக்கட்டும். நொய்டாவில் குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளியை வெயிலில் போட்டு எடுத்துக்கொள். இங்கே நானும் அத்தாவும் நயீமும் இருக்கிறோம். நலமா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், உன் தம்பி நயீம் பக்கத்தில் நின்று கை ஜாடை காட்டுவான், அதனால்தான் எழுதுகிறேன்.

என் காதுக்கு முன்னால் இருந்த மருவை நீ ரம்ஜானுக்கு வந்தபோதே பார்த்தாய். மிளகு போல இருந்தது கொண்டைக்கடலை அளவுக்கு வந்து, துப்பட்டா உரசினாலே ரத்தம் கசிந்தது. எதிர்வீட்டு ராசம்மாள் குதிரைமுடி கட்டச் சொன்னாள், "தானா வாடி விழுந்துரும் பானு, ஆஸ்பத்திரிக்காரனுக்கு எதுக்குக் கொட்டிக் குடுக்கற" என்றாள். நீதான் உன் கம்பெனி இன்சூரன்சில் எங்களையும் சேர்த்திருக்கிறாய் என்று சொல்லி அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாய். அங்கே இன்சூரன்ஸ் மேஜையில் பிரபாகர் என்று ஒருவர். "அழகுக்கு எடுக்கறதுன்னு நெனச்சுட்டா பாஸ் பண்ண மாட்டாங்கக்கா, வலின்னு சேத்துப் போட்டுக்கறேன், ஒரு ராத்திரி படுத்தாத்தான் கிளைம் வரும், படுத்துட்டுப் போயிருங்க" என்றார். ஊசி போட்டு, வெட்டி, தையல் போட்டு, டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. அதற்கு ஏசி அறையில் ஒரு ராத்திரி சும்மா படுத்திருந்தேன். வெளியே வராந்தாவில் ஒரு கர்ப்பிணி இடமில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலியே இல்லாத என் கட்டிக்கு வலி வந்தது பிரபாகருடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான். அதைக் கேட்டுக்கொண்டு நானும் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வெட்டி எடுத்த கட்டியை மருந்துத் தண்ணீர் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டு, என் பெயரை ஒட்டி, அனிதா என்கிற நர்ஸ் அத்தா கையில் கொடுத்திருக்கிறாள். "பாய், இத எடுத்துட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அந்த மாடி முழுக்க அவள் ஒருத்திதான். பின்தெருவில் இருக்கும் லேபுக்கு எடுத்துப் போகச் சொல்கிறாள் என்பது உன் அத்தாவுக்குத் தோன்றவில்லை. உன் பெரியத்தாவுக்குப் புதுச்சத்திரத்தில் லாரி ஏறிக் கால் போனபோது ஆஸ்பத்திரியில் அந்தக் காலைத் துணியில் சுற்றி இவர் கையில்தானே கொடுத்தார்கள், இவர்தானே கொண்டுபோய் அடக்கம் செய்தார். அதே நினைப்பில், மனுஷ உடம்பிலிருந்து வந்ததைக் குப்பையில் விடக்கூடாது என்று, நேராகக் கபர்ஸ்தானுக்குப் போய் ஓரமாகக் குழி தோண்டி, பிஸ்மில்லா சொல்லிப் புதைத்துவிட்டு வந்திருக்கிறார். மூடியைத் திறந்து பார்க்க மனசு வராமல் பாட்டிலோடு வைத்திருக்கிறார். நல்ல காரியம் செய்த திருப்தியில் எனக்குச் சொல்லவும் இல்லை.

தையல் பிரிக்கப் போன அன்று ஃபைலைக் கொடுத்தார்கள். அதில் லேப் ரிப்போர்ட் இருந்தது. சாதாரணக் கட்டி, பயமில்லை, முழுதாக எடுக்கப்பட்டது என்று அழகாக அச்சடித்து, கீழே ஒரு கையெழுத்து. பில்லிலும் லேப் கட்டணம் ஏறியிருந்தது. நானும் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். வீட்டுக்கு வந்து, லேப் எங்கே இருக்கிறது, ரொம்ப அலைந்தீர்களா என்று அத்தாவிடம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே "எந்த லேபு? அத நான் அடக்கம் பண்ணிட்டேனே" என்றார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. மண்ணுக்குள் இருக்கிற கட்டிக்கு மேலே ரிப்போர்ட் வந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் நீ போன் செய்து "கிளைம் பாஸ் ஆயிடுச்சும்மா" என்றாய். நான் விஷயத்தைச் சொன்னதும், "பெரும்பாலும் சாதாக் கட்டியாத்தான் இருக்கும், விட்டுருங்கம்மா, கெளறுனா என் ஆபீஸ்ல கேப்பாங்க" என்றாய். பிரபாகரிடம் போய்க் கேட்டேன், அவரும் கிட்டத்தட்ட உன் வார்த்தைகளையே சொன்னார், "எல்லாம் சாதாக் கட்டிதாங்கக்கா, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தா பில்லு நிக்கும், எதுக்குக் கெளறுறீங்க" என்று. நயீமும் வந்த வரைக்கும் லாபம் என்றான். எல்லோருக்கும் என் கன்னம் முடிந்துபோன கணக்கு. ஆஸ்பத்திரி பில்லுக்கு நம்பர் போடும் இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடுப்படி மேடையில் உட்கார்ந்துகொண்டு நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் மறக்கவில்லை. கட்டி உடம்பில் எந்த இடம், ஓரத்தோடு சேர்த்து வெட்டியது எவ்வளவு அகலம், நல்லதா கெட்டதா, இந்த மூன்றும் தெரிந்தால்தான் அமெரிக்காக்காரன் பில்லுக்கு நம்பர் போடுவேன், லேப் முடிவு வராமல் நல்லது என்றும் போடக்கூடாது கெட்டது என்றும் போடக்கூடாது என்றாயே. முகம் தெரியாத அமெரிக்காக்காரன் தோலுக்கு அந்த நியாயம் உண்டென்றால் உன் அம்மா தோலுக்கு ஏன் இல்லை என்று யோசித்தேன். கோபம்தான். இப்போது ஆறிவிட்டது.

அத்தாவை மண்வெட்டியோடு திரும்ப அனுப்பினேன். அங்கே காவல் இருக்கும் ஜான் பாஷா, "பாய், இங்க வெச்சத எடுத்துட்டுப் போன ஆளு இதுவரைக்கும் இல்ல, கேட்டா என்னன்னு சொல்றது" என்றாராம். "உசுரோட இருக்கறவ கேக்கறா, குடுத்துடு" என்று அத்தா சொல்லியிருக்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பேசியதில் எனக்குப் பிடித்த பேச்சு அது. பாட்டில் சேதமில்லாமல் வந்தது. மண்ணைத் துடைத்து எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போய் வரிசையில் நின்றேன். அங்கே இருந்த டாக்டர் சுகன்யாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாட்டிலோட பொதச்சதுதான் நல்லதாப் போச்சுங்கம்மா, துணியில சுத்தியிருந்தா ஒண்ணும் மிஞ்சியிருக்காது" என்று வாங்கிக்கொண்டார்.

முடிவு வந்துவிட்டது. சாதாரணக் கட்டி இல்லை. தோல் புற்றுநோயில் ஒரு வகை. நீ பதறாதே, இந்த வகை மற்ற இடங்களுக்குப் பரவுவது அபூர்வம் என்று டாக்டர் சொன்னார், நீயும் உன் புத்தகத்தில் பார்த்துக்கொள். ஆனால் வெட்டிய ஓரத்தில் மிச்சம் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்ட வேண்டும். விட்டிருந்தால் உள்ளுக்குள் காதுப் பக்கம் அரித்துக்கொண்டே போயிருக்குமாம். முழுதாக எடுக்கப்பட்டது என்று அச்சடித்த காகிதத்தையும் இந்த முடிவையும் சேர்த்து நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன், வலி என்று போட்டது பொய், நானும் ஒத்துக்கொண்டேன் என்பதையும் எழுதி. உன்னைக் கேட்காமல் செய்தேன். உன் ஆபீசில் கூப்பிட்டுக் கேட்பார்கள். இருக்கிறதை அப்படியே சொல். வேலைக்கு ஏதாவது வந்தால் வீடு இருக்கிறது, அறையைத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

பிரபாகரைக் கெட்டவர் என்று நினைக்கவில்லை. அவருக்கு மேலே ஒருவன் இன்றைக்கு இத்தனை பில் முடித்தாக வேண்டும் என்று நிற்கிறான். உனக்கு மேலேயும் நிற்கிறான், நீயே சொல்லியிருக்கிறாய். அவன் அவசரப்படுத்தினாலும், ரிப்போர்ட் வராத கட்டி உன் திரையில் வந்தால், இன்னும் தெரியவில்லை என்றே போடு. அந்தப் பக்கமும் யாரோ ஒருத்தி கட்டி தலையணையில் உரசாமல் தலை சாய்த்துப் படுத்திருப்பாள்.

வியாழக்கிழமை திரும்ப வெட்டுகிறார்கள். லீவு போட்டு ஓடி வராதே, ராசம்மாள் துணைக்கு வருகிறாள், குதிரைமுடிப் பேச்சை இப்போது எடுப்பதில்லை. அத்தா மட்டும், லேபில் பார்த்து முடித்தபிறகு மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா, பழைய குழி மூடாமலே கிடக்கிறது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். டாக்டரிடம் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறேன். முதலில் லேப், பிறகு மண். இந்த முறை பாட்டிலை நானே எடுத்துப் போகிறேன்.

உனக்கு உடல்நலத்தையும் உண்மை பேசும் தைரியத்தையும் அல்லாஹ் தரட்டும். உன் கழுத்துக்குப் பின்னால் ஒரு மச்சம் உண்டு, உனக்குத் தெரியாது, கூட இருக்கிற பெண்ணை விட்டு மாதம் ஒரு தடவை பார்க்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
அக்தர் பானு