தூ மட்டும் கிடைக்கவில்லை

மார்ச் 4

எழுத்துரு செய்கிறவர் வந்திருந்தார். அலுவலகத்தில் என் வீட்டுக்காரருக்கு இளையவராக இருந்தவர். இவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. கையெழுத்தாவது கணினியில் இருக்கட்டும் என்று, வெளியூர் வேலையிலிருந்து எனக்கு எழுதிய பதினொரு கடிதங்களையும் போன மாதம் கொடுத்திருந்தேன்.

"மத்ததெல்லாம் கிடைச்சுது, இல்லாததை ஒட்டுப்போட்டுச் சமாளிச்சுட்டேன் அண்ணி. 'தூ'வுக்கு மட்டும் வழியில்ல. அது சுழிக்கிற விதமே தனி."

"நீங்களே வரைஞ்சுடுங்களேன் தம்பி."

"அப்புறம் அது அண்ணன் கையெழுத்து ஆகாதே. ஆபீஸ்ல யார்கிட்டயாவது பழைய காகிதம் இருக்கான்னு கேக்கறேன்."

மார்ச் 19

தூ கிடைத்துவிட்டதாம்.

மார்ச் 23

மாதிரி அச்சைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். இத்தனை பெரிதாக்கினால், ஒரு மனிதன் எங்கே அழுத்தினான், எங்கே அவசரப்பட்டான் என்பதெல்லாம் தெரிகிறது. 'ள'வுக்குக் கால் நொண்டுவதை நான் கவனித்ததே இல்லை.

அவர் போன் பேச வெளியே போனார். திரையில் ஒரு காகிதத் துண்டின் படம், கத்தரியால் வெட்டியது. இவர் கை.

நீ இல்லாமல் தூக்கம் வரவில்லை.

அவர் வந்ததும் திரையை மறைத்தார்.

"யார் குடுத்தாங்க தம்பி?"

"விடுங்க அண்ணி."

"யாரு?"

"டைப்பிஸ்ட் அக்கா."

தூக்கம் வரலையாம்! என் பக்கத்துல தலையணையில தலைய வெச்ச உடனே குறட்டை —

மார்ச் 24

பதினொன்றையும் திரும்பப் படித்தேன். சிலிண்டர் பதிவு செய். குழாய்க்கு வாஷர் மாற்று. பிள்ளைக்குத் தடுப்பூசி. உடம்பைப் பார்த்துக்கொள். இதில் 'தூ' எங்கிருந்து வரும்?

மார்ச் 27

டைப்பிஸ்ட் வீட்டுக்குப் போனேன். இவர் இறந்த அன்று என் சமையலறையில் நின்று எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தவள். உட்காரச் சொன்னாள். நின்றேன்.

"அந்த ஒரு வரிய மட்டும்தான் வெட்டிக் குடுத்தேன். அவர் எழுத்து முழுசா இருக்கணும்னுதான்."

"மிச்சம்?"

"அதை மட்டும் கேக்காதீங்க அக்கா."

அக்காவாம். நான்.

மார்ச் 28

எத்தனை இருக்கும்? பதினொன்றுக்கு மேலா?

ஏப்ரல் 2

எழுத்துருவை வெளியிடச் சம்மதப் படிவத்தோடு தம்பி வந்தார். அந்த 'தூ' வேண்டாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"பொருந்தாதே அண்ணி."

"அப்ப எழுத்துருவே வேண்டாம்."

தலை குனிந்து தாளை நீட்டினார். பக்கம் முழுக்கத் தூ தூ தூ என்று எழுதினேன். நெடுங்கணக்கில் எனக்கு இதைவிடத் தோதான எழுத்து கிடையாது. பாதிக்கு மேல் வாயும் சேர்ந்துகொண்டது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 11

எழுத்துரு வெளியாகிவிட்டது. வடிவமைப்பில் பித்துப் பிடித்தவர்கள் கூடும் இணையப் பக்கத்தில் ஒரே பாராட்டு. மகள் ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"ஒருத்தர் மட்டும் குறை சொல்றாரும்மா. எல்லாம் ஒரே கை, 'தூ' மட்டும் யாரோ வேத்தாள் எழுதின மாதிரி இருக்காம். அப்பா ஏம்மா அதை மட்டும் இப்படி எழுதினாரு?"

முகம் தெரியாத ஒருவன், ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டான். எனக்கு இருபத்தாறு வருடம் போதவில்லை.

"அன்னைக்குக் கை வலிச்சிருக்கும்" என்றேன்.

அவள் கல்யாணப் பத்திரிகையை இந்த எழுத்தில்தான் அடிக்க வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன்.