நாற்பதால் பெருக்கிய சோப்பு

தாம்பரம்,
16–9–1974.

அன்புள்ள மகள் ஜெயசீலிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் அரைச் சுகம். பரோடாவில் நீ முழுச் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். இந்தக் கடிதம் நீளும் போலிருக்கிறது, நடுவில் வழி தவறிவிடுவேனோ என்ற பயத்தில் குறிப்புகளை முதலிலேயே எழுதிக்கொள்கிறேன். நீ சிரிப்பாய் என்று தெரியும்.

1. சோப்பு விஷயம். உன் அம்மா தன் பாணியில் எழுதுவதற்கு முன் நான் என் பாணியில் எழுதிவிடுவது.
2. கெமிக்கல் இன்ஜினியரிங் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த அளவு. புரிந்தது சரிதானா என்று நீ சொல்ல வேண்டும்.
3. பாத்திரம் பெரிது, சிறிது என்பதைத் தவிர உன் வேலைக்கும் பள்ளிக்கூடத்து ரசாயனத்துக்கும் வேற்றுமை இல்லை. ஆகையால் இந்த மாதக் கடைசிக்குள் நீ வந்து ஹில்டா அம்மாளின் பள்ளிக்கூடத்தில் ரசாயன ஆசிரியையாகச் சேர்ந்துவிட வேண்டும்.
4. பால், தலைக்கு எண்ணெய், குளிர் முதலியன.

முதலில் சோப்பு. கடைகளில் சோப்பு வந்த அன்றே தீர்ந்துபோகிற காலமாக இருப்பதால், கோயிலுக்குப் பணம் சேர்க்கிற அறுப்பின் பண்டிகை விற்பனைக்கு நாமே சோப்பு செய்து வைக்கலாம் என்று சபைக் கமிட்டியில் யாரோ சொன்னார்கள். யாரோ என்றேன், நான்தான் சொன்னேன். மகள் கெமிக்கல் இன்ஜினியர், அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள், கொஞ்ச நேரம் நானும் நம்பினேன். சபையார் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொடுத்த தேங்காய் எண்ணெய் இருபது கிலோ நம் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது, உனக்கு எழுதினேன், நீயும் உடனே அளவெல்லாம் எழுதி அனுப்பினாய். அரைக் கிலோ எண்ணெய், தொண்ணூறு கிராம் காஸ்டிக் சோடா, இத்தனை தண்ணீர், அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காஸ்டிக் அதைத் தின்றுவிடும், கண்ணாடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள் என்று. அதையெல்லாம் அப்படியே செய்தேன். எனாமல் சட்டியில் அரை மணி நேரம் கிண்டி ஊற்றியதில் ஆறு கட்டி, பார்க்கக் கடைச் சோப்பு மாதிரியே. உன் அம்மா அதில் என் பனியனைத் தோய்த்துப் பார்த்து, பரவாயில்லையே என்றாள். அவள் வாயில் அது பெரிய பட்டம் என்று உனக்குத் தெரியும்.

உன் கடிதத்தின் கடைசியில், அரைக் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் செய்ய வேண்டாம் அப்பா என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாய். சிறுவயதில் நீ செருப்புக்குள் தேள் இருக்கிறதா என்று நாலு தடவை தட்டிப் பார்ப்பாய், இதுவும் அந்த வகை ஜாக்கிரதை என்று எடுத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷம், இதற்கு இவ்வளவு என்றால் அதற்கு எவ்வளவு என்று மூவிராசிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஆறு கட்டியை இருநூற்று நாற்பது கட்டியாக்குவது ஒரு வரி வேலை: நாற்பதால் பெருக்கு. எண்ணெய் இருபது கிலோ, காஸ்டிக் மூன்று கிலோ அறுநூறு கிராம், எல்லாம் நோட்டில் எழுதி இரண்டு தடவை சரிபார்த்தேன். கிண்டும் நேரத்தையும் பெருக்கினேன், இருபது மணி நேரம் என்று வந்தது, அது மட்டும் எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டதால் அரை மணியாகவே விட்டேன். எதைப் பெருக்குவது, எதைப் பெருக்காமல் விடுவது என்று ஒரு கேள்வி அங்கேயே முளைத்தது, நான் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனேன். தண்ணீரில் காஸ்டிக்கைக் கரைத்தால் சூடாகும் அல்லவா, சின்னக் குவளையில் அது ஒரு மணி நேரத்தில் ஆறியது, ஆகையால் பெரிய தொட்டிக்கும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரமே கொடுத்தேன். தொட்டுப் பார்க்கவில்லை. கணக்குப்படி ஆறியிருக்க வேண்டும்.

ஆகஸ்டு இருபத்து நாலு, சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. இரும்பு டிரம்மில் எண்ணெயோடு அதைச் சேர்த்துக் கிண்டி, கோணியால் மூடிவிட்டு உள்ளே வந்து மோர் குடித்தேன். மோர் பாதியில் இருக்கும்போது கோணி தானாக எழுந்து நின்றது. அதன் கீழிருந்து மஞ்சளாக ஒன்று மெல்ல மேலே வந்து, யோசித்து, டிரம்மின் விளிம்பைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, கேட்டுக்கு அடி வழியாகத் தெருவுக்குப் போயிற்று. போனால் போகட்டும் என்றால் நாலு மணிக்கு மழை. மாடம்பாக்கம் போகிற பாதையில் பிள்ளையார் அரசமரம் வரைக்கும் நுரை, தெருப் பிள்ளைகளெல்லாம் சறுக்கி விளையாட்டு. அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் வந்த குருவானவர் நம் வீட்டு வாசலில் முழங்காலிட்டார், ஜெபத்துக்காக அல்ல. அடி ஒன்றுமில்லை. நான் அலமாரிக்குப் பின்னால் பேனா தேடிக்கொண்டிருந்தேன் என்று உன் அம்மா எழுதுவாள், பேனா உண்மையிலேயே தொலைந்திருந்தது.

பின் தெரு துளசிங்கத்தை நினைவிருக்கிறதா, பல்லாவரம் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தோல் பதப்படுத்தும் டிரம் ஓட்டியவர். அவர் குடையோடு வந்து நின்று, இன்னா சார், சோப்பு காய்ச்சினீங்களா, தெருவுக்குத் துணி தோய்ச்சீங்களா என்றார். நான் நோட்டைக் காட்டி, பெருக்கலில் தவறே இல்லை என்றேன். பெருக்கலு கரீக்டா தான் கீது, டிரம்முக்குக் கணக்குத் தெரியாதே சார், எங்க மேஸ்திரி சின்ன டிரம்ல ஒரு தோலப் போட்டுப் பாத்துகினு அதே கணக்குல பெரிசுல நூறு தோல் போட்டாரு, மறுநா தொறந்தா தோலும் இல்ல, மேஸ்திரியும் இல்ல, கொயகொயன்னு கூழுதான் என்றார். உன் அம்மா அதற்குள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அகப்பையோடு வந்துவிட்டாள். ஏங்க, நாப்பது இட்லி வேணும்னா மொத்த மாவையும் ஒரே குண்டான்ல கொட்டியா வேக வைக்கிறேன், வெளியில வெந்து நடுவுல மாவாவே நிக்கும்னு குழி குழியாத்தானே ஊத்தறேன், இத்தனை வருஷம் தின்னீங்களே, ஒரு நாளாவது தட்டைப் பாத்தீங்களா என்றாள். சீலி, நான் நோட்டை மூடி வைத்தேன். வெந்நீர் அடுப்புக்குச் சேர்த்து வைத்திருந்த கொட்டாங்கச்சி நூற்றுக்கு மேல் இருந்தது, துளசிங்கம் தன் வீட்டிலிருந்தும் ஒரு மூட்டை கொண்டுவந்தார், இருவரும் டிரம்மில் மிஞ்சியதை இட்லி ஊற்றுவது போல் அள்ளி ஊற்றினார்கள். கொட்டாங்கச்சியில் போனதும் அது அடங்கி, ஆறி, நல்ல பிள்ளையாக இறுகிவிட்டது. நூற்று அறுபத்து மூன்று. நேற்றுப் பண்டிகையில் ஒன்றுகூட மிச்சமில்லை, கொட்டாங்கச்சி சோப்பு என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

இனி இரண்டாவது. அன்று இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். ஒரு பெட்டியின் நீள அகல உயரத்தைப் பத்து மடங்காக்கினால் உள்ளிடம் ஆயிரம் மடங்கு, மேற்பரப்பு நூறு மடங்குதான். பீச் போகும் மின்சார ரயிலை அப்படிப் பெரிதாக்கினால் ஆயிரம் மடங்கு கூட்டம் ஏறும், கதவோ நூறு மடங்குதான் பெருகும், இறங்க முடியாமல் உள்ளே வெந்துபோவார்கள். என் டிரம்மில் சூட்டுக்கு நேர்ந்தது அதுதான், உள்ளே பிறந்ததற்கு வெளியே வரத் தோல் போதவில்லை. இட்லிக்கு வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும், சோப்புக்கு உள்ளிருந்து வெளியே வர வேண்டும், வாசல் ஒன்றுதான். இந்த ஒன்றே இத்தனை பாடு என்றால் கிண்டுவது, குழாயில் ஓட்டுவது, வடிப்பது, உலர்த்துவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கும் போலிருக்கிறதே. நீ கல்லூரியில் சேர்ந்தபோது, நாலு வருஷம் என்னதான் படிப்பார்கள் என்று கேட்டேன், இப்போது நாலு போதுமா என்று கேட்கத் தோன்றுகிறது. முடிச்சூர் வயலுக்குப் போகிற யூரியா மூட்டை, உன் அம்மா மூட்டுவலிக்குப் போடுகிற மாத்திரை, சீமெண்ணெய், என் கண்ணாடிச் சட்டம், எதைப் பார்த்தாலும் இதை யாரோ ஒருவர் குடுவையிலிருந்து டிரம்முக்குத் தெருவில் ஓடவிடாமல் கொண்டுபோயிருக்கிறார் என்று நினைக்கிறேன். இதில் ஏதாவது தப்பாக இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு.

மூன்றாவதை எழுத வேண்டும். அதற்கு முன் நான்காவதை எழுதிவிடுகிறேன். பாலை நிறுத்தாதே. ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று சாக்குச் சொல்லாதே. குளிர் வருமுன் கம்பளியை வெயிலில் போடு. காலைச் சாப்பாடு சாப்பிடாமல் தொழிற்சாலைக்குப் போகிறாய் என்று உன் அறைத்தோழி எழுதிய கடிதத்திலிருந்து உன் அம்மா கண்டுபிடித்திருக்கிறாள், எப்படி என்று கேட்காதே. தனிப் பார்சலில் ஒரு கொட்டாங்கச்சி சோப்பு அனுப்பியிருக்கிறேன்.

இப்போது மூன்று. போன கடிதத்தில் நீ இரண்டு செய்தி எழுதியிருந்தாய். காய்ச்சல் மருந்தை இரண்டு வருஷம் ஒரு லிட்டர் குடுவையிலும் அப்புறம் நூறு லிட்டர் கலத்திலும் செய்து பார்த்துவிட்டு, இருபத்து நாலாம் தேதி முதன்முறையாக ஐயாயிரம் லிட்டர் கலத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்பது ஒன்று. ஆனாலும் நீங்கள் வா என்றால் வந்துவிடுகிறேன் அப்பா என்பது இரண்டு. ஹில்டா அம்மாள் என் வார்த்தையை நம்பி அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார், உன் விண்ணப்பத்தை நானே அழகாக எழுதி, உன் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன். இரண்டு வேலையும் ஒன்றுதான் என்று உனக்கு மூன்று கடிதம் எழுதினேனே, அதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் ரசாயனம் அல்ல. பள்ளிக்கூடம் நம் வீட்டிலிருந்து ஏழு நிமிஷம், மூன்று தடவை நடந்து பார்த்திருக்கிறேன். பரோடா இரண்டு இரவு.

வேதத்தில் சங்கீதக்காரன் சொன்னபடி உன் போக்கையும் உன் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. கலத்தின் பக்கம் போகும்போது கண்ணாடி போட மறக்காதே, தொட்டுப் பார்க்காமல் கடிகாரத்தை நம்பாதே. சோப்பைச் சுற்றியிருக்கும் காகிதத்தைப் பிரித்தால் என் கையெழுத்து தெரியும், அந்த விண்ணப்பம்தான், நல்ல தடித்த தாளாக இருந்தது. ஹில்டா அம்மாளிடம் நாளைக் காலை நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு மட்டும் பத்து நிமிஷம் ஆகலாம்.

தவறாகப் போட்ட கணக்கைப் பிள்ளைகள் அழிக்க நான் விட்டதில்லை, பக்கத்தில் சரியானதை எழுது என்பேன். அதனால் மேலே மூன்றாவது குறிப்பை அடிக்காமல் விட்டிருக்கிறேன். அது தவறு. இருபத்து நாலாம் தேதி நீ அங்கேதான் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
ச. ஞானையா.