ஏரிக்கரைக் குளியல் கூடமும் உன் பெரியம்மாவும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருந்தால் எனக்குப் போதும். பெரியம்மா போய்விட்ட செய்தியை உன் அண்ணன், அதுதான் அவள் மகன், சொன்னதும் நீ என்னைக் கூப்பிட்டு அழுதாய், நான் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். அம்மாவுக்கு என்ன கல்நெஞ்சு என்று நினைத்திருப்பாய். எனக்கும் அழுகை வரும் என்றுதான் பார்த்தேன், வரவில்லை, ஊறப்போட்ட துணி கிடந்தது, துவைத்துக் காயப்போட்டேன்.

ஏரிக்கரைக் குளியல் கூடத்தைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், அதன் கதை உனக்குத் தெரியாது. எங்கள் அம்மா காலத்தில் கட்டடமே கிடையாதாம். சோப்புத் தொழிற்சாலையில் வேலை விட்டதும் எல்லோரும் நேரே ஏரியில் இறங்குவார்கள், நடுவில் ஒரு கயிறு, இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள், அவ்வளவுதான் மறைப்பு. ஒரு குளிர்காலத்தில் ஒரு பெண் விறைத்து மூழ்கிப்போனாள், அதற்குப் பிறகுதான் முதலாளி கரையில் கொதிகலன் வைத்துக் கூடம் கட்டினார், கயிறு போய்ச் சுவர் வந்தது. வீடுகளில் குழாய் இல்லாத காலம், ஊர் மொத்தமும் உடம்பு அழுக்கை அங்கேதான் தேய்த்தது, ஊர் அழுக்கையும் அங்கேதான் அலசியது. பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவளைச் சாவிக்காரி என்போம், ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்பது புருஷனுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். பலகையில் வரிசையாக உட்கார்ந்து முன்னால் இருப்பவள் முதுகைப் பின்னால் இருப்பவள் தேய்ப்பாள், எவ்வளவு பெரிய சீமாட்டியானாலும் தன் முதுகு தனக்கு எட்டாதே. உன் அப்பா செத்தபோது அடுத்த தெருவில் இருந்த பெரியம்மா வரவில்லை. ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அதிலிருந்து பேச்சு நின்றது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, கூடத்தில் நாங்கள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்டுதான் இருந்தோம். முதல் தடவை சாவிக்காரி வேண்டுமென்றே என்னை அவளுக்குப் பின்னால் உட்கார்த்தி, "நீரடிச்சு நீர் விலகுமாடி, தேய்" என்றாள். தேய்த்தேன். பிறகு அவள் எனக்குத் தேய்த்தாள். ஒரு வார்த்தை கிடையாது, வாராவாரம் அப்படித்தான்.

அப்புறம் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. உன் வயதுப் பெண்கள் இன்னொருத்தி முன்னால் உடை மாற்றவே கூசினீர்கள், உங்களுக்காகத் தடுப்பும் திரையும் போட்டார்கள், அப்படியும் வரவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, வீட்டுக் குழாய் எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. கடைசியில் நாலைந்து கிழவிகள் மிஞ்சினோம், கொதிகலன் விரிசல் விட்டது, மூடிவிட்டார்கள். இப்போது அதே கட்டடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு நீராவிக் குளியல், ஆளுக்கு ஓர் அறையாம், முதுகுக்கு நீளக் காம்பு வைத்த பிரஷ் கொடுக்கிறார்களாம். எனக்கும் அக்காவுக்கும் மட்டும் இடம் இல்லாமல் போயிற்று. தெருவில் எதிரே வந்தால் அவள் கடையைப் பார்ப்பாள், நான் சாக்கடையைப் பார்ப்பேன்.

போன மாதம் அவள் மருமகள் வந்தாள். பெரியம்மாவுக்கு வாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது, குளிப்பாட்டப் போனால் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடுவதில்லையாம். "சின்னத்தை, யாரையும் தொட விடமாட்டேங்கறாங்க, நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றாள். போனேன். அந்தக் குளியலறையில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம், அவளை நாற்காலியில் உட்காரவைத்து, நான் வாளியை வெளியே வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். என்னைப் பார்த்தாள், மெல்லத் திரும்பி முதுகைக் காட்டினாள். எலும்பும் தோலும்தான். தேய்த்துக்கொண்டிருக்கும்போது "இன்னும் கொஞ்சம் மேல" என்றாள். வாய் கோணியிருந்ததால் குழறியது, ஆனால் புரிந்தது. மேலே தேய்த்தேன். "ஆங், அங்கதான்" என்றாள். இத்தனை வருஷத்துக்கு அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான். அன்றைக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது, சோப்பு காய்ந்துவிடுமே என்று தண்ணீரை ஊற்றினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை போனபோது தூக்கத்திலேயே போயிருந்தாள். மருமகள் என்னையே கழுவச் சொன்னாள், அண்ணன் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டான், நான் முதுகைத் தேய்த்தேன். மனதில் ஒன்றுமே தோன்றவில்லை, கை பாட்டுக்கு வேலை செய்தது. எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. "போதும் சித்தி" என்று அண்ணன்தான் கையைப் பிடித்தான்.

அவசரப்பட்டு லீவு போட்டுக்கொண்டு வராதே, குழந்தை படிப்பு கெடும். தலைக்கு ஊற்றும்போது அதன் காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள். மாப்பிள்ளையை இருமலோடு வேலைக்கு அனுப்பாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருங்கள். இப்போதெல்லாம் நான் குளிக்கும்போது கதவைத் தாழ் போடுவதில்லை, விழுந்தால் திறக்க ஆள் வேண்டுமே. பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் வாசல் சாவி ஒன்று கொடுத்திருக்கிறேன், நீ கவலைப்படாதே.

இப்படிக்கு,
உன் அம்மா