அரக்கு உடல், நீலக் கரை

29 செப்டம்பர் 2008, திங்கள்

இன்றும் சிவப்பு. பட்டுக்கடை ஆர்டர் புரோகிராமைச் சோதிக்கும் டெஸ்ட்டுகளில் பாதி தேறிப் பச்சைக்கு வரவே இல்லை. டீம் லீடர் ஸுதர்சன் போன வாரம் செய்த மாற்றம்தான் காரணம். புடவையின் கலர்களை லிஸ்ட்டில் வைத்திருந்தோம்: முதலில் உடல், அடுத்தது கரை. ஒரே கலர் புடவைக்கு பில்லில் "ஊதா, ஊதா" என்று விழுகிறதாம். கடைக்காரர் குறை சொல்ல, இவர் லிஸ்ட்டை எடுத்துவிட்டு செட் போட்டார். செட்டில் ஒரு கலர் ஒரு தடவைதான் நிற்கும். டெஸ்ட்டுகளோ இன்னும் லிஸ்ட்டைத்தான் கேட்கின்றன.

திரையில், எதிர்பார்த்தது: அரக்கு, நீலம். வந்தது: அரக்கு, நீலம். அப்புறம் என்னதான் குறை உனக்கு?

1 அக்டோபர்

"புரோகிராமைத் தொடாதே. டெஸ்ட்டை மாத்தும்மா," என்றார் ஸுதர்சன். ஏழாம் தேதிக்குள் எல்லாம் பச்சையானால்தான் பயிற்சி முடிந்து என் வேலை நிரந்தரம். அம்மாவோ ஞாயிற்றுக்கிழமையே சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

3 அக்டோபர்

மாற்றிக்கொண்டே இருக்கிறேன். கண் எரிகிறது.

6 அக்டோபர்

எல்லா டெஸ்ட்டிலும் லிஸ்ட்டைச் செட்டாக்கிவிட்டேன். முழுக்கப் பச்சை. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பஸ்ஸில் தூங்கி, எங்கள் முசரவாக்கம் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தேன்.

"இன்னாமா, பச்சை வந்துடுச்சா?" என்றாள் அம்மா. அவளுக்கு அது ஏதோ சிக்னல் மாதிரி.

7 அக்டோபர்

நாளைக்கு லீவு என்பதால் ஆபீஸில் இன்றே ஆயுத பூஜை. மானிட்டருக்கெல்லாம் குங்குமப் பொட்டு. அண்ணியின் பட்டைக் கட்டிப் போனேன்: அரக்கு உடல், நீலக் கரை. பக்கத்து சீட் ஸௌம்யாவுடையது நீல உடல், அரக்குக் கரை.

"பாருடி, ரெண்டு பேரும் தலைகீழா கட்டிண்டு வந்திருக்கோம்," என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். எது உடல், எது கரை என்று செட்டுக்கு எப்படித் தெரியும்? செட்டில் வரிசை கிடையாதே. இரண்டு புடவையையும் புரோகிராமில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்று என்றது. கல்யாணத்துக்கு அரக்கு கேட்டவளுக்கு நீலம் நெய்து வரும். டெஸ்ட்டுகள் அப்போதும் பச்சையாக இளித்துக்கொண்டிருக்கும்.

சொல்லாமல் விட்டால்? இன்றுதானே கெடு — இந்தப் பொடவைய இன்னிக்குத்தானா கட்டிக்கினு போவணும்?

சொல்லிவிட்டேன். ஸுதர்சன் முகம் சுருங்கியது. "போன வாரமே சொல்லியிருக்கக் கூடாதா?" போன வாரம் எனக்கும் தெரியாதே.

10 அக்டோபர்

நிரந்தரம் இல்லை. பயிற்சிக் காலம் இன்னும் மூன்று மாதம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

13 அக்டோபர்

ஸுதர்சனே செட்டை எடுத்து, லிஸ்ட்டைத் திரும்ப வைத்துவிட்டார். பில்லில் அச்சாகும் இடத்தை மட்டும் தனியாகச் சரிசெய்தார். டெஸ்ட்டுகளை நான் பழையபடி ஆக்கினேன். மத்தியானம் என் சீட்டுக்கு வந்தார்.

"அன்னிக்குக் கட்டிண்டு வந்தியே, அந்தப் புடவைக்கு உடம்பு என்ன கலர்?"

"அரக்கு சார்."

"கரை?"

"நீலம்."

ஸௌம்யாவிடமும் கேட்டார். இரண்டும் வேறு என்று வந்தால்தான் பாஸ் என்று ஒரு புது டெஸ்ட் எழுதி, என்னையே ஓட்டச் சொன்னார். பச்சை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மூன்று மாதத்தைச் சொன்னேன்.

"பச்சை வந்துச்சா இல்லியா, அத்தச் சொல்லு."

வந்தது என்றேன். சோறு போட்டாள்.